முப்பத்தேழாவது ஆள்

மாணவர் விடுதி, செஞ்சி
14.5.2025

அன்புள்ள தம்பி பீமாவுக்கு,

அக்கா மகாலட்சுமி எழுதுவது. இன்று காலை எனக்கு 98.2. நேற்றும் அதுதான். நைனாவுக்கும் உனக்கும் கவிதாவுக்கும் காய்ச்சல் பார்த்தாயா? தெர்மாமீட்டர் என் பீரோ மேல்தட்டில், பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. திங்கட்கிழமை எங்களை இங்கே கொண்டுவந்தபோதே போனை வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, பஸ் ஸ்டாண்டில் ஒரே நாளில் எல்லாக் கடையும் சாத்திவிட்டார்களாம். அதனால் நான் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பேன். வெளியே நிற்கும் ஊர்க்காவல் படைத் தம்பி வளவன் போட்டோ எடுப்பான். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அது உன் போனுக்கு வரும். நீ எழுதுவதை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. சாப்பாட்டு வண்டியில் ஒட்டியபடியே வந்துவிடும். படித்ததும் இங்கேயே எரித்துவிடுகிறோம். உள்ளே வந்த காகிதம் வெளியே போகாது.

பனையேறும் பொன்னுசாமியை ஐந்தாம் தேதி எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தார்கள். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஒன்பதாம் தேதி வலிப்பு வந்து போய்விட்டார். இரண்டு நாளில் அவர் சம்சாரமும். புனே பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தது. டாக்டர் அறிவுமதி சொன்ன அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன். வவ்வால் வாய் வைத்த பதநீரிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார். எச்சில், மூச்சு எல்லாவற்றாலும் ஆளுக்கு ஆள் தாவுமாம். வந்தவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை. மருந்து கொஞ்சம்தான் இருக்கிறது. காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் போட்டால்தான் பலன்.

வாந்தி எடுத்தபோது பொன்னுசாமியின் தலையைப் பிடித்தவள் நான். அதனால் நான் இங்கே நர்ஸ். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் பட்டியலில் பதினோராவது ஆளும் நான்தான்.

பட்டியலில் முப்பத்தாறு பேர் கிடைத்துவிட்டார்கள். முப்பத்தேழாவது ஆள் யாரென்று தெரியவில்லை. ஏழாம் தேதி பார்வையாளர் நேரத்தில் ஒரு மணி நேரம் பொன்னுசாமி பக்கத்தில் இருந்திருக்கிறார். அன்று எனக்கு விடுமுறை. கேமராவில் முதுகு மட்டும் விழுந்திருக்கிறது. வயதானவர். ஸ்டூலில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, துண்டால் அவர் வாயைத் துடைத்துவிடுகிறார். எங்கள் எல்லாரிடமும் காட்டிக் கேட்டார்கள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நைனாவை நாற்காலியில் காலை மடித்து உட்கார வேண்டாம் என்று சொல். முட்டிக்கு ஆகாது. அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

கை கழுவுவதில் சோம்பல் படாதே.

உன் அக்கா


வல்லம்
15.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பீமாராவ் எழுதுவது. நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ தைரியமாக இரு. சாப்பாடு சரியாக வருகிறதா?

ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை. தாலுகா ஆபீசே காற்று வாங்குகிறது, யார் வந்து ஜெராக்ஸ் எடுப்பார்கள்? நம் தெருவில் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுப் போட்டுத் தெருவே வெள்ளையாகிவிட்டது. பதநீர்ப் பானைகளை எல்லாம் உடைத்துப் புதைத்தார்கள். ஏரிக்கரை ஆலமரத்து வவ்வால்களைப் பட்டாசு வெடித்து விரட்டப் போனவர்களை டாக்டர்கள் வந்து தடுத்துவிட்டார்கள். விரட்டினால் இன்னும் பரவுமாம். அதனால் எல்லாரும் மரத்தைப் பார்க்காமல் நடக்கிறோம்.

கவிதாவுக்கு ஸ்கேன் தள்ளிப்போய்விட்டது. குழந்தை நன்றாக உதைக்கிறது என்கிறாள்.

நைனா நன்றாக இருக்கிறார். வெயிலுக்கு வெளியே போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பீமா


மாணவர் விடுதி, செஞ்சி
18.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு 98.4. அங்கே எவ்வளவு?

வார்டைக் கூட்டிப் பெருக்கும் பவுனம்மாளை உனக்குத் தெரியும். நம் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்து கொடுத்தவர். எனக்கு அடுத்த கட்டில். வியாழக்கிழமை சாயங்காலம் நூறு காட்டியது. "வெயிலு தாங்கல, வேற ஒண்ணுமில்ல" என்றார். வெள்ளிக்கிழமை காலை என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்க முடியாமல் காற்றைத் துழாவினார். "யம்மா லச்சுமி, இன்னாடி நீ ரெண்டா தெரியுற?" என்று சிரித்தார். மத்தியானம் அவர் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. இன்று காலை போய்விட்டார்.

மூன்று நாள்தான் பீமா. பொன்னுசாமிக்கு ஐந்து நாள் இருந்தது.

மற்றவர்கள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. யாராவது தும்மினால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாலே ஓர் ஆள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நானும் என் காய்ச்சலைப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நைனாவுக்கு எவ்வளவு என்று நீ எழுதவில்லை. முட்டியைப் பற்றியும் எழுதவில்லை. அவரையே இரண்டு வரி எழுதச் சொல். அவர் எழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

முப்பத்தேழாவது ஆளை இன்னும் தேடுகிறார்கள். ஊர் ஊராக மைக் கட்டிச் சொல்கிறார்களாம்.

கவிதாவைத் தனி அறையில் படுக்கச் சொல். பதில் போடு.

அக்கா


வல்லம்
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 98.6. கவிதாவுக்கு 98. நைனாவுக்கு எவ்வளவு என்று தெரியாது. அவர் இங்கே இல்லை.

இதைப் படித்ததும் முதல் வேலையாக எரித்துவிடு.

அந்தக் கேமராவில் விழுந்தவர் அவர்தான். காலை மடிக்கும் பேச்சை நீ எடுத்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். தன் சிநேகிதனைப் பார்க்க ஏழாம் தேதி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார். பன்னிரண்டாம் தேதி டிவியில் செய்தி வந்தபோது நானும் அவரும்தான் கூடத்தில் இருந்தோம். டிவியை அவரே நிறுத்தினார்.

"பீமா, நான் அவன பாத்துட்டு வந்தேன்டா. வாய தொடச்சு வுட்டேன். தண்ணி குடுத்தேன்."

"எப்ப நைனா?"

"பொதங்கெழம."

சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். "சொன்னா மூணு பேரையும் அள்ளிக்கினு போவான். இவ வவுத்துல புள்ள. செத்துக்கினு இருக்குற எடத்துல இவளுக்கு இன்னா வேல?" என்றார். அப்புறம், "நான் எங்கனா ஓரமா கெடந்துட்டு வரேன். உங்க அக்காகிட்ட சொல்லாத. அவ கெவுருமெண்டு ஆளு" என்றார்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் கவிதா போவதை நினைத்துப் பார். பவுனம்மாளைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய்.

அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். முகத்தையும் கையையும் சுற்றிக்கொண்டு என்மேல் படாமல் பின்னால் தள்ளி உட்கார்ந்து வந்தார். சீயமங்கலத்துக்கு இந்தப் பக்கம் என் சிநேகிதன் அன்புச்செல்வனின் நிலம் இருக்கிறது. அவன் சென்னையில் இருக்கிறான், நிலம் சும்மா கிடக்கிறது. மோட்டார் கொட்டகைச் சாவி என்னிடம்தான். அது வேறு மாவட்டம் என்பதால் அங்கே யாரும் தேடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய் வாய்க்கால் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். நேற்றுகூட வெற்றிலை மறந்துவிட்டேன் என்று சண்டை போட்டார். ஒரு குறையும் இல்லை.

இன்னும் எட்டு நாள் போனால் நோய் வரக்கூடிய இருபத்தொரு நாளும் முடிந்துவிடும். எட்டே நாள் அக்கா.

பீமா


வல்லம்
24.5.2025

அக்கா,

நான்கு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வளவனைக் கேட்டேன். நீ நடமாடுகிறாயாம், ஆனால் எதையும் கண்ணாடியில் காட்டவில்லையாம்.

நைனாவுக்குக் காய்ச்சல்.

நேற்று போனபோது முந்தின தடவை வைத்த சோறு பாதி அப்படியே இருந்தது. கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, "அஞ்சல, கதவ சாத்து. காத்து அடிக்குது" என்றார். அம்மா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வாசற்படியில் இறங்கும்போது விழுந்துவிட்டார்.

மாத்திரையைக் கல்லில் வைத்தேன். அவரால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. பத்தடிதான் இருக்கும். நான் போகவில்லை அக்கா. பெற்ற தகப்பனுக்கு ஒரு மாத்திரை கொடுக்கப் பயந்துகொண்டு நின்றேன்.

அப்போது பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். பெயர் ஜெயக்கொடி. நான் வாயைத் திறப்பதற்குள் நைனாவைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டார். "கிட்ட போவாதீங்க" என்று கத்தினேன்.

"இன்னா ஆளுய்யா நீ? பெரியவரு வுழுந்து கெடக்குறாரு, தூரமா நின்னு வேடிக்க பாக்குற? ரெண்டு நாளா நான்தான் கஞ்சி ஊத்தினு இருக்கேன்."

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார். ஏன் கிட்டே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுது. வேறு யாருக்கும் புரியாதபடி எழுது. உன்னைவிட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை.

பீமா


மாணவர் விடுதி, செஞ்சி
24.5.2025

வளவன் தம்பிக்கு: இதை என் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் அறிவுமதிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் அனுப்பு. உடனே அனுப்பு.

தம்பி பீமா,

யாருக்கும் புரியாதபடி எழுதச் சொன்னாய். எல்லாருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

முப்பத்தேழாவது ஆள் எங்கள் அப்பா. பெயர் கோவிந்தசாமி. வயது அறுபத்தெட்டு. வல்லம் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவர். சீயமங்கலம் போகும் வழியில் அன்புச்செல்வன் என்பவரின் நிலத்து மோட்டார் கொட்டகையில் இருக்கிறார். இரண்டு நாளாகக் காய்ச்சல் இருக்கலாம். உளறல் இருக்கிறது.

பக்கத்துக் கொல்லை ஜெயக்கொடி என்ற பெண் மூன்று நாளாக அவருக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறார். நேற்று தொட்டுத் தூக்கியிருக்கிறார். வீட்டில் இரண்டு குழந்தைகள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் மணி நேரத்திலேயே மருந்து போட வேண்டும். தயவுசெய்து அவரிடம் யாரும் கத்தாதீர்கள். அவர் செய்த ஒரே காரியம், விழுந்தவரைத் தூக்கியது.

அவரோடு வீட்டில் இருந்தவர்கள் என் தம்பி பீமாராவ், அவன் மனைவி கவிதா. கவிதா ஆறு மாதக் கர்ப்பிணி. இருவருக்கும் காய்ச்சல் இல்லை. டாக்டர், அவளை இந்தக் கட்டிடத்துக்கு மட்டும் கொண்டுவராதீர்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது.

பதினான்காம் தேதி கேமராப் படத்தைப் பார்த்தபோதே அது யாரென்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொன்னேன். இருபதாம் தேதி இடமும் தெரிந்துவிட்டது. நான்கு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். எழுதினால் எல்லாரும் படிப்பார்கள் என்று எழுதவில்லை. எட்டு நாள்தானே, ஒன்றும் வராது என்று நானும் உன்னைப் போலவே நினைத்தேன். நர்ஸ் வேலையில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு அப்படி நினைத்தேன்.

பீமா, இதை நீ படிக்கும்போது வண்டி கிளம்பியிருக்கும். கொட்டகைக்கு ஓடாதே. கவிதாவுக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நில்.

அக்கா


மாணவர் விடுதி, செஞ்சி
27.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு 98.8. வெயில்தான் காரணம். கவிதாவுக்குக் காலையிலும் சாயங்காலமும் பார்க்கிறார்களா? வல்லம் பள்ளிக்கூடத்தில் உங்களைத் தனி வகுப்பறையில் வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். கர்ப்பிணி என்பதால் மின்விசிறியும் கட்டிலும் கேட்டு வாங்கிக்கொள்.

நைனா ஒன்பதாம் அறையில் இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டேன், கொடுத்தார்கள். வேறு யாரும் கேட்கவில்லை. மருந்து போட்டாயிற்று. கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் போட்டாயிற்று.

உடம்பு முழுக்க மூடிய உடை, கண்ணாடி, இரண்டு கையுறை. அந்தக் கோலத்தில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "சிஸ்டர், எம்பொண்ணும் உங்கள மாதிரி நர்சுதான். இங்கதான் எங்கியோ இருக்குது. நான் வந்துருக்குறத அதுகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பயந்துக்கும்" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

உன்னையும் கேட்டார். மாத்திரை வைத்துவிட்டுப் போனானே, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்டார். அவர் கோபமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜெயக்கொடியை வேறு கட்டிடத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவர் மாமியாரிடம். இதுவரை யாருக்கும் காய்ச்சல் இல்லை.

நீ எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


வல்லம், பள்ளிக்கூடம்
31.5.2025

அக்காவுக்கு,

திட்டச் சொன்னாய். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீ எழுதியது எனக்கு வருவதற்கு முன்னாலேயே ஊரெல்லாம் வந்துவிட்டது. யாரோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறார்கள். உன் கையெழுத்தில் நைனா பெயர், வயது, என் பெயர், கவிதா வயிற்றில் இருப்பது எல்லாம் எல்லார் போனிலும் இருக்கிறது. வண்டி வந்தபோது தெருவே நின்று பார்த்தது. கவிதா படியிறங்கும்போது ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நீ சொன்னபடி வாசலில்தான் நின்றோம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதானே முடிவு செய்தாய்?

ஜெயக்கொடிக்கு நேற்றிலிருந்து காய்ச்சலாம். இங்கே வந்த நர்ஸ் சொன்னார். அன்றைக்குக் கொட்டகையில் அவர் என்னைப் பார்த்த பார்வை கண்ணிலேயே நிற்கிறது.

உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. இது நைனாவுக்கு. அவருக்குப் படித்துக் காட்டு: நைனா, இன்றைக்கு ஸ்கேன் வண்டி இங்கேயே வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்டோம். குதிரை ஓடுவது மாதிரி இருக்கிறது. கவிதாவுக்கு முதல் டெஸ்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது டெஸ்ட் மூன்றாம் தேதி. நீ எழுந்து வா. வெற்றிலை வாங்கி வைக்கிறேன்.

பீமாராவ்


மாணவர் விடுதி, செஞ்சி
4.6.2025

அன்புள்ள தம்பி பீமாவுக்கு,

கவிதாவின் இரண்டாவது டெஸ்டிலும் ஒன்றும் இல்லை என்று இன்று காலை டாக்டர் வந்து சொன்னார். அதற்காகத்தான் காத்திருந்தேன். உட்கார்ந்துகொள். கவிதா பக்கத்தில் இருந்தால், அவளையும் உட்காரச் சொல்.

நைனா இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்குப் போய்விட்டார். நெருங்கிய உறவு என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். கவிதாவின் ரத்த அழுத்தம் கூடியிருந்ததால் டெஸ்ட் முடியும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். உன் கடிதம் வந்தபோது ஒன்பதாம் அறையைக் கழுவி இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். அந்தக் குதிரை வரியை இரண்டு முறை படித்தேன். அறைக்குள் யாரும் இல்லை.

கடைசி நாள் அவருக்குப் பேச்சு இல்லை. நான் அவர் காதருகே குனிந்து, "நைனா, நான் லச்சுமி. நான்தான் உன்னக் காட்டிக் குடுத்தேன்" என்று சொன்னேன். அந்த உடைக்குள்ளிருந்து என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. அவருக்குக் கேட்டதா, தெரியாது. கை அசையவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் வேலை செய்ய முடியாது.

நான்கு பேர் வந்து எடுத்துப் போனார்கள். பத்தடி ஆழம், சுண்ணாம்பு. நம் ஆட்கள் யாரும் இல்லை. நான் ஜன்னலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்தேன். நீ போட வேண்டிய மண்ணை யாரோ பெயர் தெரியாத பையன்கள் போட்டார்கள். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மணி நேரத்தில் மருந்து போட்டார்கள். முதல் ஆளாக அவருக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் போட முடிந்தது. உளறல் இன்னும் வரவில்லை. அதற்கு மேல் யாரும் உறுதி சொல்லவில்லை.

எனக்கு 98.6.

அக்கா


மாணவர் விடுதி, செஞ்சி
12.6.2025

தம்பிக்கு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஜெயக்கொடி கஞ்சி குடித்தாராம். பதினான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது ஐந்து பேர், மற்றவர்கள் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள். கை கொஞ்சம் அசதியாக இருப்பதால் நிறைய எழுதவில்லை. அடுத்த வாரம் கடிதம் வராவிட்டால் பேனாவில் மை தீர்ந்தது என்று நினைத்துக்கொள். கவிதா நன்றாகச் சாப்பிட வேண்டும்.

அக்கா


வல்லம்
14.6.2025

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கிறது. உன் டெம்பரேச்சரை நீ எழுதவில்லை.

எவ்வளவு?

பீமா


வல்லம்
18.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். கவிதாவுக்கு மட்டும் கால் வீங்குகிறது. எட்டாம் மாதம் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

நீ நாளைக்கு வெளியே வருகிறாய் என்று வளவன் போன் செய்தான். ஜூன் பதினொன்றிலிருந்து உனக்குக் காய்ச்சல் இருந்ததையும், பத்து நாள் ஒன்பதாம் அறையிலேயே உன்னை வைத்திருந்ததையும் அவன்தான் அப்போதும் சொன்னான். தினமும் சாப்பாட்டு வண்டி வரும் நேரத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றேன். உன் ஜன்னலில் யாரும் இல்லை. நைனாவுக்காக வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அவருக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் பயந்தேன். உனக்கு என்ன ஆகும் என்று நாள் கணக்கோடு நீயே எழுதிக் காட்டியிருந்தாய். ஐந்தாம் நாள் வந்தபோது வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறாம் நாள் வளவன் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு நீ திரும்பினாயாம்.

உனக்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. தெருவில் கட்டிய மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள். கடையைத் திறந்தேன். ஆட்கள் வருகிறார்கள், காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். தெருக் குழாயில் கவிதா குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவள் நிதானமாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

போன வாரம் ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவர் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். போகும்போது, "வூட்டுக்கு வந்துட்டா. கை மட்டும் நடுங்குது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அக்கா அன்னிக்கி எழுதுலன்னா அவ இல்லன்னு டாக்டரு சொல்லிச்சு" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் மறுபடி திரும்பி வந்து, "நீ மொதல்லியே சொல்லியிருக்கலாம்பா" என்றார். அவ்வளவுதான். நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். நைனாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

அவர் புதைந்த இடத்துக்கு இன்னும் யாரையும் விடவில்லை. கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். சில நாள் காலையில் எழுந்ததும் இருக்கிறது, சில நாள் இல்லை. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறது. என்ன செய்ய?

நாளைக்குப் பத்து மணிக்கு விடுதி கேட்டில் நிற்பேன். ஆட்டோ பிடிக்காதே. எந்த ஆட்டோவும் ஏற்றிக்கொள்ளாது. என் வண்டியிலேயே போகலாம். கவிதா உன் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். உன்னைத் தன்னோடுதான் படுக்க வைத்துக்கொள்ளப் போகிறாளாம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்டில் ஒன்றும் இல்லை, உன்னால் யாருக்கும் எதுவும் வராது என்று டாக்டர் அறிவுமதி என்னிடமே சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் உன்னைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தடி தள்ளி நின்றால் நீ புரிந்துகொள்வாய். ஒன்றும் சொல்லவும் மாட்டாய்.

நிற்க மாட்டேன். கிட்டே வந்து பையை வாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி
பீமா